நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது!

‘அப்டேட்’ வந்த மறுநாளே முகம் பார்த்துப் பேசும் வசதி முடங்குவது ஏன்? முடங்கினால் என்ன செய்வது?

மலைக்கும் ஊருக்கும் நடுவே உள்ள தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏலக்காய் விளைவது மேலே. விலை பேசுவது கீழே. முந்தலைத் தாண்டி ஏறினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் கேரள எல்லை. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. தோட்டம் மலையில், வீடு போடியில் என்று இரண்டு இடத்திலும் வாழ்க்கை நடத்தும் குடும்பங்கள் இங்கே ஏராளம். விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில் இறங்கி வரும் தொழிலாளர்களும் அநேகம்.

ஒரு காலத்தில் குரங்கணிக்கு மேலே உள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிக் கயிற்றில் தேயிலைப் பெட்டிகள் மலையடிவாரத்துக்கு இறங்கின. அங்கிருந்து அவை போடிக்கு வந்து சேர்ந்தன. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறிய ரயில் வண்டியும் ஓடியது. 1924-ம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு அது ஓடவே இல்லை.

இந்தக் காலத்துக் கம்பிக் கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுதான் வீடியோ அழைப்பு. தோட்டத்தில் சரம் எப்படிப் பிடித்திருக்கிறது, ஸ்டோரில் உலர்த்திய காய் என்ன நிறத்தில் இறங்கியிருக்கிறது என்பதையெல்லாம் போடியில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள். 2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது மாநில எல்லையில் போக்குவரத்து தடைப்பட்டது. அப்போது சொந்தத் தோட்டத்தையே திரையில் மட்டும் பார்த்துத் திருப்தியடைந்தவர்கள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேசுவதற்கும், கல்லூரிப் பெண்ணின் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் இதே வசதிதான்.

வியாபாரத்திலும் கம்ப்யூட்டர் புகுந்து வெகு நாளாகிறது. ஸ்பைசஸ் போர்டு என்னும் நறுமணப் பொருள் வாரியம் 2007-ம் ஆண்டில் மின்னணு முறை ஏலத்தைக் கொண்டுவந்தது. 2021-ல், போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் உள்ள வியாபாரிகள் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் கலந்துகொள்ளும் ஏற்பாடும் வந்தது. 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனதை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏலத்துக்கென்று வாரியத்தின் தனி ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஏலத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் பேச்சு அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. சரியான நேரத்தில் அது காலை வாரினால் நஷ்டம் சிறிதல்ல.

கடையில் கேட்கும் பேச்சு

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் இப்படியொரு சம்பாஷணை அடிக்கடி நடக்கும்.

“தம்பி, நான் ஒண்ணுமே செய்யலப்பா. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்குப் பேத்தி கூப்பிட்டா. மூஞ்சி தெரிஞ்சுச்சு, ஒரு நிமிஷத்துல அப்படியே நின்னு போச்சு. திரும்பத் தொறந்தா அதுவா மூடிக்கிருது.”

“ராத்திரி அப்டேட் ஏதாச்சும் ஓடுச்சாங்கய்யா?”

“ஏதோ வட்டமாச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அணைக்காதீங்கன்னு எழுத்து வந்துச்சு. நானும் அணைக்கல. ஒருவேளை கை தவறி எதையாச்சும் அமுக்கிட்டேனோ என்னமோ…”

கடைசியாகச் சொன்னாரே, அதைக் கவனிக்க வேண்டும். யந்திரம் கெட்டால் பழியைத் தம் மேலேயே போட்டுக்கொள்வது பெரியவர்களின் சுபாவம். “எனக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்று கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு, பேத்தியின் முகத்தைப் பார்க்காமலே இருந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உண்மையில் அவர் சொன்ன முதல் வாக்கியம்தான் முக்கியமான சாட்சியம். நேற்று நன்றாக இருந்தது, இன்று இல்லை என்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே ஏதோ மாறியிருக்கிறது. மாற்றியவர் அவரா, அல்லது அவருக்குத் தெரியாமல் வேறு யாராவதா என்பதுதான் கேள்வி.

கணக்குப்பிள்ளையும் துபாஷியும்

கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு தோட்டத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். விண்டோஸ் போன்ற இயங்குதளம்தான் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. எல்லாச் சாவியும் அவர் இடுப்பில் இருக்கிறது. காமிரா, மைக், ஒலிபெருக்கி என எது வேண்டுமானாலும் அவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

‘டிரைவர்’ என்று ஒரு பெயர் அடிபடும். ஜீப் ஓட்டுகிறவர் அல்ல. காமிரா பேசும் பாஷை வேறு, விண்டோஸ் பேசும் பாஷை வேறு. இரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் சிறு நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அந்தக் காலத்துத் துபாஷியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆள், நாம் பேசுவதற்குத் திறக்கும் செயலி. ஜூம், டீம்ஸ், வாட்ஸப் எல்லாம் இந்த வகை. செயலி படம் கேட்கிறது; கணக்குப்பிள்ளை துபாஷியிடம் சொல்கிறார்; துபாஷி காமிராவிடம் சொல்கிறது; படம் வருகிறது. மூவருக்கும் உடன்பாடு இருக்கும் வரை தகராறு இல்லை.

இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது கணக்குப்பிள்ளை சில விதிகளை மாற்றிவிடுகிறார். பழைய துபாஷிக்கு அது புரிவதில்லை. அல்லது செயலி வழக்கமாகக் கேட்கும் பொருளை அவர் கொடுக்க மறுக்கிறார். நன்றாக எழுதப்பட்ட செயலியாக இருந்தால் “காமிரா கிடைக்கவில்லை” என்று மரியாதையாகச் சொல்லும். அப்படியொரு பதில் வரும் என்று எதிர்பாராத செயலி அந்த இடத்திலேயே நொடித்து விழும். இதைத்தான் ‘கிராஷ்’ என்கிறார்கள். காமிராவும் கெடவில்லை, கம்ப்யூட்டரும் கெடவில்லை. உடன்பாடுதான் கெட்டது.

உலகமே தவித்த ஆகஸ்டு மாதம்

இது வெறும் உவமை அல்ல; இப்படியே ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. 2016-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி, மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கு ‘ஆனிவர்சரி அப்டேட்’ என்ற பெரிய புதுப்பிப்பை வெளியிட்டது. விண்டோஸ் 10 வெளிவந்து ஓர் ஆண்டு நிறைந்ததை ஒட்டி வந்த புதுப்பிப்பு அது. ஆனால் பல வீடுகளில் கொண்டாட்டத்துக்குப் பதில் திண்டாட்டமே வந்தது.

ஸ்கைப்பில் பேசத் தொடங்கினால் முதலில் படம் நன்றாகத் தெரியும். ஒரு நிமிஷம் போல ஆனதும் அப்படியே உறைந்து நின்றுவிடும். சில இடங்களில் காமிராவே கிடைக்கவில்லை. மலிவுச் சரக்கு என்று ஒதுக்க முடியாத, லாஜிடெக் நிறுவனத்தின் பெயர் பெற்ற காமிராக்களும் இதில் அகப்பட்டுக்கொண்டன. லட்சக்கணக்கான காமிராக்கள் முடங்கின என்று பத்திரிகைகள் எழுதின. இதிலே வேடிக்கை என்னவென்றால், அப்போது ஸ்கைப்பும் மைக்ரோசாப்டின் சொந்தச் சொத்து. 2011-ம் ஆண்டில் 850 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியிருந்தது. சொந்த வீட்டுக் கதவையே தவறுதலாகப் பூட்டிவிட்ட கதைதான்!

காரணம் என்ன? அதற்கு முன்பு ஒரு செயலி காமிராவை எடுத்துக்கொண்டால் வேறு செயலி அதைத் தொட முடியாது. ஒரே காமிராவைப் பல செயலிகள் ஒரே சமயத்தில் உபயோகிக்க வேண்டும் என்று மைக்ரோசாப்ட் நினைத்தது. நல்ல நோக்கம்தான். அதற்காகக் காமிராவுக்கும் செயலிகளுக்கும் நடுவே ‘பிரேம் சர்வர்’ என்ற புதிய இடையாளை உட்கார்த்தியது. இனி படம் அவர் வழியாகத்தான் பங்கிடப்படும். அப்படிப் பங்கிடும்போது, சுருக்கி அனுப்பப்படும் படங்களை ஒவ்வொரு செயலியும் தனித்தனியே விரித்துக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டருக்குப் பளு கூடும் என்று கருதி, சுருக்கிய படங்களே வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. சுருக்காத படம் மட்டுமே அனுமதி. அங்கேதான் சங்கடம் பிறந்தது.

பச்சைக் காயும் உலர் காயும்

சுருக்கிய படம், சுருக்காத படம் என்பதை ஏலக்காய் ஊர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் 1 கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். மலையிலேயே ஸ்டோரில் வைத்து உலர்த்திக் கீழே அனுப்பினால் ஒரு ஜீப் போதும். பச்சையாகவே இறக்குவதென்றால் ஐந்து ஜீப் வேண்டும். சாலையோ ஒன்றுதான்.

காமிராவும் இதைத்தான் செய்கிறது. படத்தைத் தனக்குள்ளேயே ‘உலர்த்தி’, கனம் குறைத்து, கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. உலர்த்தாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழுத் தெளிவுள்ள ஒரு படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக 1,080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு 2 பைட் வீதம் ஒரு படத்துக்கு 41 லட்சத்து 47 ஆயிரத்து 200 பைட். வினாடிக்கு 30 படங்கள். ஆக, ஒரு வினாடிக்குச் சுமார் 12 கோடியே 44 லட்சம் பைட். பிட் கணக்கில் சொன்னால் 99 கோடிக்கு மேல்.

அந்தக் காமிராக்களில் பெரும்பாலானவை யு.எஸ்.பி. 2.0 என்ற கம்பியால் இணைக்கப்பட்டவை. அதன் உச்ச வேகமே வினாடிக்கு 48 கோடி பிட்தான். கம்பி தாங்கக்கூடியதைப் போல் இரண்டு மடங்கு சரக்கு! ஆகவே ஒன்று படத்தின் தெளிவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் நிற்க வேண்டும். சுருக்கிய படம்தான் வரும் என்று நம்பி எழுதப்பட்ட செயலிகள் நின்றுவிட்டன.

பத்தே நாள் தவணை

புதுப்பிப்பு பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதற்கு முன்பு 30 நாள் அவகாசம் இருந்தது. ஆனிவர்சரி அப்டேட்டோடு அதுவும் 10 நாளாகக் குறைந்துவிட்டது. காமிரா கெட்டதா, கம்பி கெட்டதா, நெட் சரியில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, உண்மை தெரிவதற்குள் தவணை கடந்துவிட்டது. நல்ல காமிராவைக் குற்றம் சொல்லிப் புதிதாக வாங்க நினைத்தவர்களுக்கு, புதியதிலும் அதே வியாதி காத்திருந்தது.

பயனாளர்களின் புகார்கள் குவிந்த பிறகு, மைக்ரோசாப்டின் காமிராப் பிரிவு பொறியாளர் ஒருவரே முன்வந்து நடந்ததை விளக்கினார். இந்த மாற்றத்தை முன்கூட்டிச் சரியாக அறிவிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் திருத்தம் வரும் என்று சொல்லப்பட்டது. அதற்குள் ரஃபேல் ரிவேரா என்ற வெளி நிபுணர், விண்டோஸின் உட்பதிவேட்டில் ஒரு சிறு மாற்றம் செய்து புதிய இடையாளை ஒதுக்கி வைக்கும் வழியைக் கண்டுபிடித்து வெளியிட்டார். பின்னர் வந்த திருத்தங்களில் சுருக்கிய படங்களுக்குத் தடை நீங்கியது.

கம்பெனிகள் இதிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 2024-ம் ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் 11-க்குப் பெரிய புதுப்பிப்பு வந்தது. முகத்தைக் கண்டுகொள்ளும் வசதி உள்ள சில காமிராக்களில் செயலிகள் அசைவற்று நிற்பது தெரிந்ததும், அத்தகைய கம்ப்யூட்டர்களுக்கு அந்தப் புதுப்பிப்பு போகாதபடி மைக்ரோசாப்டே தடுத்து வைத்தது.

மாறாதவர்களுக்கும் அடி

மேலே சொன்னது புதுப்பித்துக்கொண்டவர்கள் பட்ட பாடு. புதுப்பிக்காமல் இருந்தவர்கள் பட்ட பாடும் ஒன்று உண்டு.

ஆப்பிள் கம்பெனியின் ‘பேஸ்டைம்’ என்ற முகம் பார்த்துப் பேசும் வசதி, 2014-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி, பழைய ஐ.ஓ.எஸ். 6 வைத்திருந்தவர்களுக்குத் திடீரென்று வேலை செய்யாமல் போயிற்று. உள்ளே இருந்த ஓர் அத்தாட்சிச் சான்று அன்றோடு காலாவதியானதே காரணம். புதிய இயங்குதளத்துக்கு மாறினால் சரியாகும் என்றது கம்பெனி. பழைய போன்களில் புதிய இயங்குதளம் மந்தமாக ஓடுகிறது என்றுதானே நாங்கள் மாறாமல் இருந்தோம் என்றார்கள் மக்கள். செலவை மிச்சப்படுத்தக் கம்பெனி வேண்டுமென்றே செய்தது என்று அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தார்கள். கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2020-ம் ஆண்டில் 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து ராஜியாகிவிட்டது.

“அப்படியானால் அப்டேட்டே வேண்டாமே!”

இவ்வளவும் படித்தபின் இப்படித்தான் தோன்றும். ஆனால் அது ஆபத்தான முடிவு. 2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி ‘வான்னகிரை’ என்ற நச்சு நிரல் உலகம் முழுவதும் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்றது. பிரிட்டனின் அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப் போடப்பட்டன. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கம்ப்யூட்டர்கள் சிலவும் அகப்பட்டுக்கொண்டன. அந்த நச்சு நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ந் தேதியே, அதாவது இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதை ஏற்றுக்கொண்டவர்கள் தப்பினார்கள். “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்றிருந்தவர்கள் அகப்பட்டார்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. ஸ்கைப்பும் அதே ஆண்டு மே 5-ந் தேதி மூடப்பட்டது. ஆகவே பழையதிலேயே இருந்துவிடுவோம் என்பது நடக்கிற காரியமில்லை. மாறத்தான் வேண்டும், ஆனால் நாள் பார்த்து மாற வேண்டும்.

முடங்கினால் செய்ய வேண்டியவை

பதற்றப்படாமல் வரிசையாகச் செய்தால், கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாமலே பல சமயம் சரிசெய்துவிடலாம்.

முதலாவது, அவசரப் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வோ வியாபாரப் பேச்சோ நடந்துகொண்டிருந்தால் பழுது பார்க்க அது நேரமல்ல. கைபேசியில் அதே கூட்டத்தில் சேரலாம். அல்லது செயலியை விட்டுவிட்டு, குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர் வழியாகவே சேரலாம். ஜூம், டீம்ஸ், கூகிள் மீட் ஆகிய மூன்றிலும் இந்த வசதி உண்டு. செயலி நொடித்தாலும் பிரவுசரில் படம் வருவது அபூர்வமல்ல.

இரண்டாவது, கோளாறு எங்கே என்று பிரித்துப் பாருங்கள். விண்டோஸிலேயே ‘காமிரா’ என்ற செயலி இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் முகம் தெரிந்தால் காமிராவும் துபாஷியும் நலம். குறை பேசும் செயலியில் இருக்கிறது. அதிலும் தெரியாவிட்டால் குறை காமிராவின் பக்கம். கைபேசியில், அதே இணைப்பில், அழைப்பு நன்றாக வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கேயும் தடுமாறினால் பழி அப்டேட்டின் மேல் அல்ல, நெட்டின் மேல். மலை மடிப்புகளில் டவர் எட்டாத இடங்கள் இருப்பது தெரிந்ததுதானே!

மூன்றாவது, ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து திரும்பப் போடுவதும் இதுவும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. விண்டோஸ் 8 தொடங்கி, ‘பாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி அப்படியே எழுதி வைக்கப்பட்டு, மறுபடி போடும்போது பழைய நிலையிலேயே எழுந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்தால் ஆச்சரியமில்லை.

நான்காவது, அனுமதியைப் பாருங்கள். ‘செட்டிங்ஸ்’ போய், ‘பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி’, அதில் ‘காமிரா’. செயலிகளுக்கு அனுமதி தரும் பொத்தான்கள் அங்கே இருக்கின்றன. புதுப்பிப்புக்குப் பிறகு அவை அணைந்திருந்தால் போட்டுவிட வேண்டும். மைக்குக்கும் தனியே இதேபோல் உண்டு. காமிராவின் மேல் உள்ள சிறு மூடி மூடியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாவது, செயலியைப் புதுப்பியுங்கள். விண்டோஸ் புதிதாகி, செயலி மட்டும் பழையதாக இருந்தால் ஒத்துப்போகாது. அப்படியும் நொடித்தால் செயலியை முழுவதும் நீக்கிவிட்டு, அதன் சொந்தத் தளத்திலிருந்தோ மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்தோ மீண்டும் ஏற்ற வேண்டும். படம் வரத் தொடங்கும் அதே கணத்தில் செயலி விழுகிறதென்றால், அதன் அமைப்புகளில் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்’ என்ற வசதியை அணைத்துப் பார்க்கலாம். படம் காட்டும் சில்லின் துபாஷியோடு உள்ள சச்சரவு அதனால் விலகக்கூடும்.

ஆறாவது, துபாஷியை மாற்றுங்கள். ‘டிவைஸ் மானேஜர்’ திறந்து, காமிராவின் பெயரைத் தேடி, ‘டிரைவர்’ பகுதிக்குப் போனால் ‘ரோல் பேக் டிரைவர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். பழைய டிரைவர் கைவசம் இருந்தால் அது திரும்பி வரும். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால், காமிராவை அங்கேயே ‘அன்இன்ஸ்டால்’ செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸே புதிதாகப் போட்டுக்கொள்ளும்.

ஏழாவது, கடைசி வழியாக அப்டேட்டையே திரும்பப் பெறலாம். ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியில் ‘அப்டேட் ஹிஸ்டரி’ இருக்கிறது. என்றைக்கு என்ன வந்தது என்று தேதியோடு அங்கே காணலாம். சிலவற்றை நீக்கவும் செய்யலாம். பெரிய புதுப்பிப்பாக இருந்தால் ‘ரெகவரி’ பகுதியில் ‘கோ பேக்’ உண்டு. அந்தப் பத்து நாள் தவணை ஞாபகம் இருக்கட்டும்! நீக்கிய பிறகு, திருத்தம் வந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் மறக்கக் கூடாது.

இவற்றோடு இன்னொரு வசதியும் உண்டு. விண்டோஸின் தேடும் கட்டத்தில் ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு நாட்குறிப்பு திறக்கும். எந்த நாளில் எந்தச் செயலி விழுந்தது என்பது சிவப்புக் குறியோடும், எந்த நாளில் எந்தப் புதுப்பிப்பு ஏறியது என்பது அதன் கீழேயும் பதிவாகியிருக்கும். “நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது” என்பதற்கு எழுத்து மூலமான அத்தாட்சி அது. கடைக்குப் போவதாயிருந்தால் இதைப் பார்த்துக்கொண்டு போனால், பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

உதவிக்கு வரும் கள்ளர்கள்

பழுது வந்த நேரம் பார்த்து ஏய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். “உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, இந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள்” என்று திரையில் ஒரு பெட்டி தோன்றும். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் டெலிபோன் நம்பர் ஒருபோதும் இருக்காது. கூப்பிட்டால், ‘எனிடெஸ்க்’ போன்ற ஒரு செயலியை ஏற்றச் சொல்வார்கள். அது ஏறிவிட்டால், நம் கம்ப்யூட்டர் அவர்கள் கைக்குள். பேத்தியின் முகத்தைப் பார்க்கப் போய், ஏலக்காய் விற்ற பணம் பாங்கியிலிருந்து பறிபோன கதையாகிவிடும். அப்படி ஏதேனும் நேர்ந்துவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். இது சைபர் மோசடிகளுக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

நாள் பார்த்துச் செய்க

வருமுன் காப்பது எப்படி? மறுநாள் முக்கியமான பேச்சோ தேர்வோ இருக்கிறதென்றால், முதல் நாள் இரவு புதுப்பிப்பை ஓட விடக் கூடாது. ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியில் ‘பாஸ்’ என்ற பொத்தானை அழுத்தினால் சில வாரங்கள் வரை நிறுத்தி வைக்கலாம். வேலை இல்லாத ஒரு நாளில், கரண்டும் நெட்டும் நன்றாக இருக்கும் நேரத்தில் புதுப்பித்து, அன்றே யாரையாவது அழைத்துப் பேசிப் பார்த்துவிட வேண்டும். புதுப்பித்த தேதியைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் குறித்து வைத்தால், பத்து நாள் கணக்கும் தவறாது.

ஒரு விஷயம் பாக்கி. 2016-ல் கோடிக்கணக்கான ரூபாய் சம்பளம் வாங்கும் நிபுணர்கள் நிறைந்த கம்பெனியே, தான் செய்த மாற்றத்தைச் சரியாக அறிவிக்கத் தவறிவிட்டது. விதியை மாற்றியவர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால், தங்கள் வீட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். இன்றைக்கும் அதுதான் நடக்கிறது.

ஆகவே, வீட்டிலுள்ள பெரியவர் “நான் என்னத்தை அமுக்கினேனோ” என்று தயங்கி நின்றால், அவரிடமிருந்து மவுஸைப் பிடுங்கிக்கொள்ளாமல், “அய்யா, நீங்க ஒண்ணும் செய்யல. ராத்திரி அதுவா மாறியிருக்கு. வாங்க, என்ன மாறுச்சுன்னு பார்ப்போம்” என்று பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த தடவை அவரே பார்த்துக்கொள்வார்.